நடுத்தெருக் குமி

போன வாரம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒட்டன்சத்திரம் வண்டியில் ஏறி, ஜன்னலோர இடம் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னலோர இடமெல்லாம் எனக்கு அபூர்வமாக வாய்ப்பது. அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிப்பதற்குள் இஞ்சி முரப்பா விற்கிறவர் ஏறிவிட்டார். கழுத்தில் மாட்டிய தகரத் தட்டு, அதில் காகிதத்தில் சுற்றிய வில்லைகள். "பித்தம், வாந்தி, தலைச்சுத்தல், வயித்துப் பொருமல்" என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே என் வரிசைக்கு வந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் எழுந்தேன். இரண்டு பேர் காலை மிதித்து, ஒருவரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பக்கத்து இடத்துப் பெரியவர் ஒட்டன்சத்திரத்துக்காரர் போலிருக்கிறது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏனுங்க, மயக்கமா வருதுங்களா? ஒரு முரப்பா வாங்கி வாயில அடக்கிக்கங்க. சரியாப் போயிருமுங்க" என்றார். நல்ல மனிதர். தலையை ஆட்டிவிட்டு மதிலோரமாகப் போய் நின்றுகொண்டேன். என் ஆபீஸிலும் இது பழைய வேடிக்கை. யாராவது இஞ்சி தட்டிப்போட்ட டீ வாங்கிவந்தால் நான் வராந்தாவுக்குப் போய்விடுவேன். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை.

மதிலோரத்தில் காலடியில் சின்னச் சின்னக் குப்பிகள் கிடந்தன. மருந்துக்கடையில் கொடுக்கிற பழுப்பு நிறக் குப்பிகள். நோயாளி யாரும் பஸ் ஸ்டாண்டு மதிலோரம் நின்று மருந்து சாப்பிட்டுவிட்டுக் குப்பியை எறிந்துவிட்டுப் போவதில்லை. மதுவிலக்கு இருக்கிற நாட்டில் சாராயம் வேறு வேறு பெயரில் வரும். எங்கள் ஊரில் அது வயிற்றுப் பொருமலுக்கென்று விற்கிற இஞ்சி டிங்சராக வந்தது. தண்ணீரில் சில சொட்டு விட்டுக் குடிக்க வேண்டியதைக் குப்பியோடு குடிப்பார்கள். பெயர் 'ஜிஞ்சர்'. ஒரு குப்பியைச் செருப்புக் காலால் உருட்டினேன். அதிலும் அதே வாசனை. பஸ் போய்விட்டது. அடுத்த வண்டி வரும்வரை நான் நின்றது பஸ் ஸ்டாண்டில் அல்ல, எங்கள் தெருவில்.

எங்கள் தெரு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். கடைத்தெருவிலிருந்து பிரிகிற ஒரு சின்னக் கிளை. எந்தப் பக்கத்துக் காற்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பேகம்பூர்ப் பக்கமிருந்து அடித்தால் தோல் பதனிடுகிற ஷாப்பு நாற்றம், இன்னொரு பக்கமிருந்து அடித்தால் புகையிலைக் கிட்டங்கிக் காரம், சந்தை நாளென்றால் வெங்காயம். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். அந்த ஊரில் பிறந்த எங்களுக்கு இவையெல்லாம் சேர்ந்துதான் வீட்டு வாசனை. ஆனால் தரையைப் பார்த்து யாரும் எங்கள் தெருவைக் குறை சொல்ல முடியாது. அப்படி வைத்திருந்தார்கள்.

அதற்கு ஒரு முறை இருந்தது. யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியாது. காலையில் கடை திறக்கிறவர் தன் படியிலிருந்து பெருக்க ஆரம்பித்துத் தெருவின் நடுப்பகுதிவரை வருவார். எதிர்க்கடைக்காரர் அவர் பக்கமிருந்து பெருக்கிக்கொண்டு வருவார். இரண்டு பேர் குப்பையும் நடுத்தெருவில் ஒன்றுசேர்ந்து ஒரே குமியாகும். எதிரும் புதிருமான இரண்டு கடைக்கு ஒரு குமி. அப்புறம் அவரவர் பக்கத்துக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். எங்கள் ஊர்த் தண்ணீர்ப் பஞ்சம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அரிசி களைந்த தண்ணீரையும் சேர்த்துவைத்துக் கொண்டுவந்து தெளிப்பார்கள். ஆடிக் காற்றுப் புழுதி அடங்க அதுவே போதும். தெளித்து முடித்தால் தெரு நடுவில் ஒரு கோடு விழும். யார் எதுவரை வந்தார்கள் என்று அந்த ஈரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பிறகு முனிசிபாலிட்டி மாட்டுவண்டி வரும். வண்டிக்காரர் மண்வெட்டியால் ஒவ்வொரு குமியாக வாரிப் போட்டுக்கொண்டு போவார்.

எங்கள் குமியில் ஒரு பாதி என் அண்ணனுடையது. மறுபாதி எதிர்க்கடை ராவுத்தருடையது.

அண்ணன் வாழைப்பழக் கடை வைத்திருந்தான். சிறுமலைப் பழம். மலையிலிருந்து குதிரைப் பொதியில் இறங்கும் தார்களை வாங்கி, சருகு போட்டு மூடி, பழுத்ததும் கொக்கியில் தொங்கவிடுவான். சிறுமலைப் பழத்தைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். தோல் கறுத்துச் சுருங்கினால்தான் உள்ளே தேன். அதனால் அழகு பார்த்து வாங்குகிறவர்கள் அண்ணனிடம் நிறையப் பேச்சு வாங்குவார்கள். "பொண்ணா பாக்க வந்தீக? தின்னு பாருங்க" என்பான்.

ராவுத்தருக்குத் தோல் சாமான் கடை. மாட்டுக்குக் கழுத்துவார், இடுப்புவார், செருப்பு. அண்ணனைவிட வயதில் மூத்தவர். அண்ணன் அவரை மாமா என்பான், அவர் இவனை மாப்ளே என்பார். இரண்டு கடைக்கும் நடுவில் நாள் முழுக்கத் தெருவைக் கடந்து பேச்சு போய்க்கொண்டிருக்கும். யாவாரம் இல்லாத நேரத்தில் அவர் வாரை ஊசியால் தைத்துக்கொண்டே இவனைச் சீண்டுவார். இவன் பழுத்துப்போன பழம் ஒன்றை எடுத்து அவர் மேல் எறிவான். அவர் பிடித்துத் தின்றுவிடுவார்.

தின்றுவிட்டுத் தோலை எறியமாட்டார். எறிய முடியாது. அது அண்ணனின் சட்டம். கடை வாசலிலேயே பழத்தை உரித்துச் சாப்பிடுகிறவர்கள் தோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கென்று ஒரு கூடை வைத்திருந்தான். சாயங்காலம் ஆடு வளர்க்கிற ஒரு அம்மாள் வந்து எடுத்துப் போவாள். ஒரு கர்ப்பிணிப் பெண் எங்கேயோ தோலில் வழுக்கி விழுந்ததைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு இந்தப் பிடிவாதம். ஒருநாள் போலீஸ் ஏட்டு ஒருவர் பழத்தைத் தின்று தோலை ரோட்டில் போட்டுவிட்டு நடந்தார். அண்ணன் பின்னாலேயே போய் நின்றான்.

"ஏட்டய்யா, தோலக் குடுத்துட்டுப் போங்க."

"பழத்துக்குத்தானய்யா காசு வாங்குன?"

"பழம் ஒங்களுது. தோலு தெருவுல கெடந்தா, தெருவு எங்களுதுல்ல?"

ஏட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "நீ கலெக்டராப் பொறக்க வேண்டியவன்டா" என்று சொல்லிப்போனார். ராவுத்தர் அதிலிருந்து கொஞ்ச நாள் அவனைக் கலெக்டர் மாப்ளே என்றே கூப்பிட்டார்.

எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. என்னை அனுப்பியது அண்ணன். நான் போனதால் கடையில் அவன் தனி ஆள். மதியம் கடையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட வழியில்லை. கனிந்து உடைந்த பழங்களையே மத்தியானச் சாப்பாடாகத் தின்றுகொண்டிருந்தான். வருஷக்கணக்காக அப்படி. வயிற்றுப் பொருமலும் வலியும் வந்தது அதனாலா, வேறெதனாலா, எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் வலி வந்தது. மருந்துக்கடையில் சொன்னார்கள், சின்னக் குப்பியில் டிங்சர் வாங்கித் தண்ணீரில் சொட்டு விட்டுக் குடித்தான். வலிக்குக் கேட்டது. அதெல்லாம் நான் ஹைஸ்கூலில் கடைசி வகுப்புகளில் இருந்தபோது.

அண்ணனுக்குச் சேவுகம்பட்டியில் பெண் எடுத்திருந்தது. மதினி வீட்டுக்கு வந்ததுமே சமையலறையும் எங்கள் பேச்சும் மாறிப்போயின. வாய் ஓயாது. வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டே அவள் சொல்லும் கதைகளில் ஒன்று தன் தம்பியைப் பற்றியது. அவன் எங்கேயோ கள்ளச்சாராயம் குடிக்கப் பழகிவிட்டானாம். வீட்டில் யாருக்கும் தெரியாது. வைக்கோல் படப்பில் மாட்டுக்கு வைக்கோல் உருவும்போது மதினி கையில் ஒரு குப்பி தட்டுப்பட்டது. அவனைத் தோட்டத்துச் சாளைக் குடிசையில் கொண்டுபோய் வைத்து, வாசலில் தான் படுத்து, அவன் உதறினதையும் கத்தினதையும் பொறுத்துக்கொண்டு, ஒரு வெள்ளாமைக் காலம் முழுக்கக் காவல் இருந்தாளாம். இன்றைக்கு அந்தத் தம்பி பேரன் பேத்தி எடுக்கிற வயதை நெருங்கி, விவசாயம் பார்த்துக்கொண்டிருக்கிறான். "அந்தக் குப்பி மட்டும் கையில படலன்னா" என்று கதையை முடிப்பாள். அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பான். அவனும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான்.

அவனுடைய வயிற்று வலிக்காக மதினி இஞ்சி முரப்பா செய்ய ஆரம்பித்தாள். இஞ்சியைத் தோல் சீவி, இடித்துச் சாறெடுத்து, கருப்பட்டிப் பாகில் கிண்டித் தட்டில் கொட்டித் துண்டு போடுவாள். வீடு முழுக்க நெடி ஏறும். அண்ணன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். சாயங்காலம் நான் கடைப்பக்கம் போனால் ஒரு துண்டை எனக்கும் கொடுப்பான். அவன் பக்கத்தில் உட்கார்ந்தாலே இஞ்சி மணக்கும். மதினிக்கு அதில் பெருமை. தன் கை மருந்து வேலை செய்கிறது என்று.

பரீட்சை தேறியதும் எனக்கு முனிசிபாலிட்டியில் வேலை கிடைத்தது. சுகாதாரப் பிரிவில் கிளார்க். குப்பை, சாக்கடை, கொசு மருந்து, இவைதான் என் ராஜாங்கம். சம்பளத்தைவிட அந்த மேஜை எனக்குப் பெரிதாக இருந்தது. எங்கள் வம்சத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். நான் உட்கார்ந்ததும் ஊர் சுத்தமாகிவிடும் என்று நம்பினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சுவர்களில் எழுதவேண்டிய வாசகங்களை நானே எழுதிக் கொடுத்தேன். 'எச்சில் துப்பாதீர், ஊரைக் காப்பீர்' என்பது என் சொந்த இயற்றல். பெயிண்ட் காய்ந்த மறுநாள் பார்த்தேன். 'காப்பீர்' என்ற சொல்லின் மேல் வெற்றிலைச் சாறு சூரியன் உதித்த மாதிரி வழிந்திருந்தது. அந்தச் சுவரைக் குறி பார்த்துத் துப்புவதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள் என்று ஆபீஸில் சிரித்தார்கள்.

ஆனால் எங்கள் தெருவைப் பற்றி யாரும் சிரிக்க முடியவில்லை. வெளியிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போய்க் காட்டுவேன். ராவுத்தர் பக்கத்து ஈரம் நடுக்கோட்டைத் தாண்டி அண்ணன் கடைப் படிவரைக்கும் வந்திருக்கும். எதிர்க்கடைக்கும் சேர்த்துப் பெருக்குகிற ஊர் இது என்று விளக்கம் சொல்வேன். இன்னொன்றையும் கவனித்திருந்தேன். வண்டிக்காரர் மற்றக் குமிகளை மண்வெட்டியால் வாரி வீசுவார்; எங்கள் குமியை மட்டும் குனிந்து, இரண்டு கையாலும் அணைத்து, மெதுவாக எடுத்து வண்டியில் வைப்பார். எனக்கு ஆபீஸில் மரியாதை கூடியிருக்கிறது, அதனால்தான் என் அண்ணன் கடைக் குப்பைக்கும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் தெரு வாசகசாலையின் ஆண்டு விழா வந்தது. அரசாங்க மேஜையில் உட்கார்ந்திருக்கிற தெருப்பிள்ளை என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். சாயங்கால வெயில், வாசலில் பெஞ்சுகள், சோடாக்கடைத் தங்கவேலு கொடுத்த இலவச கலர். நான் நகரத் தூய்மை பற்றிப் பேசினேன். குப்பையில் ஆரம்பித்துச் சாக்கடைக்குப் போய், சாக்கடையில் கிடக்கிற ஜிஞ்சர் குப்பிகளுக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விழுந்து கிடக்கிறவர்களைத் தினமும் பார்த்துப் பார்த்து எனக்குள் கோபம் இருந்தது. குடித்துவிட்டுக் குப்பியைப் பொது இடத்தில் போடுகிறவன் தன் வீட்டை மட்டும் கெடுக்கவில்லை, ஊரின் முகத்தில் துப்புகிறான் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

நல்ல இடத்தில் நிறுத்தினேன். கைதட்டல் வரும் இடம் அது. வரவில்லை. ராவுத்தர் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கவேலு சோடாப் பெட்டியை நகர்த்த எழுந்துபோனார். எங்கள் தெருத் தையல்காரர் வாசகசாலைக் கூரையைப் பார்த்தார். எல்லோரும் ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்னையோ என் அண்ணனையோ தவிர. அப்புறம் ஒரே ஒரு ஆள் கைதட்டினான். முன்வரிசையில் இருந்த அண்ணன். அவன் பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து மதினி தட்டினாள். பிறகு மெதுவாக எல்லோரும் தட்டினார்கள். என் பேச்சு அவர்களுக்கு உயரம் அதிகம், புரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன். படித்தவனுக்கு இப்படி எதையாவது எடுத்துக்கொள்ளத் தெரியும்.

வீட்டுக்கு நடக்கும்போது அண்ணன் என் தோளில் கை போட்டுக்கொண்டான்.

"ஏலே, எழுதி வச்சுப் பேசுனியா, மனசுலருந்து பேசுனியா?"

"மனசுலருந்துதான்."

"அதான் சுருக்குனு இருந்துச்சு" என்றான். சட்டைப் பையிலிருந்து முரப்பாவை எடுத்துப் பாதியைக் கடித்துக்கொண்டு மீதியை என்னிடம் நீட்டினான். எனக்கு அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அதற்கு அடுத்த கோடையில் ஒரு நாள் பட்டப்பகலில், தாரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். வாயிலிருந்து ரத்தம். ராவுத்தரும் தங்கவேலுவும் தையல்காரரும் தூக்கிக் குதிரைவண்டியில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆபீஸிலிருந்து நான் ஓடினேன். மதினி எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் அண்ணனின் கண் இமையை விலக்கிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு மதினியிடம் சாதாரணமாக, இங்கே தினமும் கேட்கிற கேள்விதான் என்கிற மாதிரிக் கேட்டார்.

"எவ்வளவு காலமாக் குடிக்கிறாரும்மா?"

மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆள் மாத்திப் பேசுறீங்க டாக்டர். எங்க வீட்டுக்காரரு இஞ்சி முரப்பா தவுத்து ஒண்ணும் வாயில வச்சதில்ல. நாந்தான் செஞ்சு குடுக்கேன்."

நானும் டாக்டரை எதிர்த்துப் பேச வாயைத் திறந்தேன். மதினி, சாட்சிக்குக் கூப்பிடுகிற மாதிரி, தூக்கிவந்த மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தாள். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாசகசாலையில் பார்வையைத் திருப்பிக்கொண்ட அதே மாதிரி. நான் திறந்த வாயை மூடினேன். மதினி ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியில் ராவுத்தரிடம் பார்வை நின்றது. அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அண்ணன் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. பேச்சு இருந்த நேரத்தில் என்னிடம் கடையைப் பற்றித்தான் கேட்டான். தார் ஒன்று பழுத்துவிடும், யாருக்காவது கொடுத்துவிடு என்றான். "தோலை வாங்கிக்க" என்றான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ராவுத்தர் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. நிலைப்படிக்குக் கீழே சுவரில் சாய்ந்து நின்றபடியே மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னார். இருட்டோடு சுபுஹுத் தொழுகையை முடித்துவிட்டுக் கடை திறக்கிற முதல் ஆள் அவர். ஒருநாள் விடியற்காலையில் அண்ணன் கடைக்கு முன்னால் சாக்கடைப் பலகைக் கல்லின் அடியில் ஒரு குப்பி தெரிந்திருக்கிறது. யாரோ போட்டது என்று எடுத்தார். மறுநாளும் கிடந்தது. அண்ணனால் அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, பழைய பாட்டில்காரனுக்குப் போட முடியாது, கூடையில் போட்டால் ஆட்டுக்குப் போகும். மழையே காணாத எங்கள் சாக்கடையில் எதுவும் அடித்துக்கொண்டும் போகாது. ராவுத்தருக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் நடுக்கோட்டைத் தாண்டிப் பெருக்க ஆரம்பித்தார். குப்பிகளைப் பொறுக்கி வாழைச் சருகில் சுற்றிக் குமியின் அடியில் வைத்தார். அவர் ஊருக்குப் போன நாட்களில் தங்கவேலு செய்தார். அவர் இல்லாதபோது தையல்காரர். வண்டிக்காரருக்கும் தெரியும். மண்வெட்டி பட்டால் கண்ணாடி சத்தம் போடும், ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்றுதான் எங்கள் குமியை அவர் கையால் அள்ளினார்.

தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியாது. அண்ணனுக்குத் தெரு தெரிந்துவைத்திருப்பது தெரியாது. தான் போட்ட குப்பி எங்கே போகிறது என்று அவன் யோசித்தானா, இல்லையா, அதை யாரிடம் கேட்பது?

"மூஞ்சிக்கு நேரே கேட்டா மாப்ள மொகம் சுண்டிப் போயிரும்னு இருந்துட்டோம்மா" என்றார் ராவுத்தர். "ஏட்டையே தோலப் பொறுக்க வச்ச மனுசன். தம்பி வேற ஆபீசுல இருக்கு. அவரு மானம் தெருவுல கெடக்கக் கூடாதுன்னுதான் கூட்டுனோம். வேற ஒண்ணுமில்ல."

மதினி திட்டியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். ராவுத்தர் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"எந் தம்பிய ஒரு குப்பிய வச்சுத்தான் மீட்டேன்ணே" என்றாள். "இங்க ஒண்ணு, ஒரே ஒண்ணு எங் கண்ணுல பட்டிருந்தாப் போதும். நீங்க ரொம்பச் சுத்தமா வச்சிருந்துட்டீங்க."

ராவுத்தர் அழுததை அன்றுதான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கெட்ட எண்ணத்தில் யாராவது செய்திருந்தால் எனக்குக் கோபப்படவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பான்.

அதற்குப் பிறகு ராவுத்தர் நடுக்கோட்டோடு துடைப்பத்தை நிறுத்திக்கொண்டார். ஒரு விரல்கடை தாண்டமாட்டார். அண்ணன் கடை பூட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் காய்ந்த புழுதி, இந்தப் பக்கம் ஈரம், நடுவில் பாதிக் குமி. ஆபீஸுக்குப் போகும்போது நான் வேறு தெரு வழியாகப் போகப் பழகிக்கொண்டேன். ஏதாவது ஒரு வெளியூருக்கு அனுப்புங்கள் என்று எழுதிக்கொடுத்து, கடைசியில் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு வேலைக்கு வந்துசேர்ந்தேன். ராவுத்தர் கடையை மகனிடம் விட்டுவிட்டார். கொஞ்ச வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். சாவுக்கு நான் போயிருந்தேன். மதினியும் சேவுகம்பட்டியிலிருந்து வந்திருந்தாள். கூடப்பிறந்தவனுக்கு அழுகிற மாதிரி அழுதாள்.

போன வாரம் அடுத்த வண்டிக்கு நேரமிருந்ததால் அந்தத் தெருவில் ஒருமுறை நடந்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. தார் ரோடு போட்டிருக்கிறார்கள். தாரில் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை, அதனால் யாரும் தெளிப்பதில்லை. முனையில் ஒரு இரும்புத் தொட்டி இருக்கிறது. குப்பை அதைச் சுற்றிக் கிடக்கிறது. பெருக்க ஆள் வருகிறார்கள், அவர்கள் வருகிறவரை கடைக்காரர்கள் படியிலிருந்தே தள்ளிவிடுகிறார்கள். அண்ணன் கடை இருந்த இடத்தில் ரேடியோக் கடை. அதன் வாசல் சாக்கடையில் குப்பிகள் கிடந்தன, பழுப்பும் வெள்ளையும், ஒன்றின்மேல் ஒன்றாக. யார் போட்டதோ. நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வாழைப்பழத் தோல் ஒன்றும் கிடந்தது. தோலை மட்டும் எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

வருகிற வழியில், சேவுகம்பட்டிப் பக்கம் போகிற வத்தலக்குண்டு வண்டி நின்றது. ஒட்டன்சத்திரத்தை விட்டுவிட்டு அதில் ஏறினேன். மதினி இப்போது அந்தத் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். நான் போனபோது முற்றத்தில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முன்னைப்போலப் பேச்சு இல்லை. கேட்டால் பதில் சொல்வாள். இஞ்சி அந்த வீட்டில் வாங்குவதில்லை. சாப்பாடு போட்டாள். நான் சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போது, எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"தெருப் பக்கம் போனியா? எப்படி இருக்கு?"

"ஒரே குப்பை மதினி. நடக்க முடியல. குப்பியா எறைஞ்சு கெடக்கு."

செம்பை வாங்கிவைத்துவிட்டு, முற்றத்தில் காய்கிற கடலையைக் கையால் பரப்பிவிட்டாள்.

"கெடக்கட்டும் தம்பி" என்றாள்.